ஆகாயத்தாமரைக்கு மருந்து அடிக்கிறதை நிறுத்துங்க, ப்ளீஸ்

போன வாரம் காலைல ஆறு மணிக்கே போன். "சார், குளத்துல மீனெல்லாம் செத்து மிதக்குதுங்க, யாரோ விஷம் வச்சுட்டாங்க, வந்து தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க." போனா கரையோரம் முழுக்க ஜிலேபி. எந்தச் சாக்கடையிலயும் தாக்குப்பிடிக்கிற மீன் அது, அதுவே மிதக்குதுன்னா மீட்டரை வெளிய எடுக்கிறதுக்கு முன்னாடியே பாதி விஷயம் புரிஞ்சிடும். ஆக்சிஜன் லிட்டருக்கு 1 மில்லிகிராம்கூட இல்ல, மீனுக்கு 4, 5 ஆவது வேணும். விசாரிச்சா, ரெண்டு வாரம் முன்னாடி அசோசியேஷன்ல காசு போட்டு ஆகாயத்தாமரைக்குக் களைக்கொல்லி அடிச்சிருக்காங்க. ஸ்ப்ரேயரை வாடகைக்கு எடுத்துட்டு வந்தவரேதான் எனக்கு போன் பண்ணினவர்.

கோயமுத்தூர்ப் பக்கம் இந்த வருஷம் எனக்கு இது மூணாவது குளம்ங்க.

"மருந்து அடிச்சா செடி போயிடும்"ங்கிறாங்க. எங்கங்க போகும்? கருகின செடி அடியில போய் உக்காரும், அழுகும், அழுகறதுக்குத் தண்ணில இருக்கிற ஆக்சிஜனை இழுத்துக்கும், அதுவரைக்கும் உறிஞ்சி வச்சிருந்த நைட்ரஜன் பாஸ்பரஸ் எல்லாம் திரும்பத் தண்ணிக்கே வரும், தப்பிச்ச நாலு செடி அதைத் தின்னுட்டு மறுபடி கிளம்பும். தீனி கிடைச்சா ரெண்டு வாரத்துல ரெட்டிப்பாகிற செடி. விதை 15 வருஷத்துக்கு மேலயும் சேத்துல உயிரோட கிடக்கும், அதுக்கு என்ன மருந்து வச்சிருக்கீங்க? (1980கள்ல பெங்களூர்ல இதைத் தின்ற வண்டை விட்டுப் பாத்தாங்க, வேலையும் செஞ்சுது. ஆனா அதுக்கு வருஷக்கணக்குல பொறுமை வேணும், நமக்கு ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியணும்.)

அந்தத் தீனி வர்றது நம்ம பாத்ரூம்ல இருந்துதாங்க. மழைநீர் வடிகால்ல வீட்டுச் சாக்கடையைக் கோத்துவிட்டுட்டு செடியைத் திட்டிப் பிரயோஜனமில்ல. முதல்ல அந்த பைப்பை அடைங்க. செப்டிக் டேங்க் லாரி ராத்திரில வந்து குளத்துல கொட்டினா நம்பரை போட்டோ எடுத்து கமிஷனர் ஆபீஸ்ல குடுங்க. செடியை வேரோட இழுத்து வெளிய எடுங்க, எடுத்ததைக் கரைமேலயே குமிச்சு வைக்காதீங்க, ஒரு மழைக்கு மொத்தமும் உள்ள போயிடும். மீன்தொட்டிச் செடியைக் குளத்துல கொட்டவே கொட்டாதீங்க.

தண்ணி டெஸ்டுக்குக் கூப்பிடறதா இருந்தா விடியறதுக்கு முன்னாடி கூப்பிடுங்க, அப்பதான் ஆக்சிஜன் அடிமட்டத்துல இருக்கும். மத்தியான வெயில்ல எடுத்த ரீடிங்கை வச்சு "எங்க குளம் சூப்பர்"னு வாட்ஸ்அப்ல போட்டுட்டு அடுத்த நாள் காலைல எனக்கு போன் பண்ணாதீங்க.