வேப்பங்கொட்டைச் சாறு தெளித்தும் புழு சாகவில்லையே, ஏன்?

"முண்டு மிளகாய்ச் செடிக்கு வேப்பங்கொட்டைச் சாறு தெளித்து மூன்று நாளாயிற்று. புழு இன்னும் நெளிந்துகொண்டுதான் இருக்கிறது. இது என்ன மருந்து?" என்று ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ரசாயனப் பூச்சிக்கொல்லிகள் பல நரம்பைத் தாக்கிச் சில மணி நேரத்தில் புழுவைச் சாய்த்துவிடும். வேம்பு முதலில் கைவைப்பது புழுவின் நாக்கில்.

புழுவுக்கு நாக்கு ஏது என்கிறீர்களா? காய்த்துளைப்பான் புழுவின் வாயருகே, பக்கத்துக்கு இரண்டாக, நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் சுவை முளைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு சுவை நரம்பணுக்கள். சர்க்கரை பட்டால் ஒன்று துடிக்கும். ஆகாத பொருள் பட்டால் இன்னொன்று துடிக்கும். இலையைக் கடிக்குமுன் புழு இந்த முளைகளால்தான் தொட்டுப் பார்க்கிறது. வேம்பின் அசாடிராக்டின் அங்கே இருந்தால் 'ஆகாது' என்னும் அணு விடாமல் துடிக்கிறது. சில இனங்களில் சர்க்கரை அணுவும் கூடவே அடங்கிப்போகிறது. இலையில் இனிப்பு அப்படியே இருக்கிறது, புழுவுக்குத்தான் தெரிவதில்லை. உணவின் மேலேயே உட்கார்ந்து பட்டினி கிடக்கிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இதில் வியப்பு தீர்வதில்லை.

மீறித் தின்றால், தோலுரிக்கத் தூண்டும் எக்டைசோன் சுரப்பு குலைந்து, பழைய தோலுக்குள்ளேயே சிக்கிச் சாகும். அதற்குச் சில நாள் பிடிக்கும். ஆகவே புழு செத்ததா என்று பார்க்காமல், புதிதாக ஓட்டை விழுகிறதா என்று இலையையும் காயையும் பாருங்கள்.

அசாடிராக்டின் மூலக்கூறை ஆய்வகத்தில் முழுதாக உருவாக்க, கேம்பிரிட்ஜ் வேதியியலாளர் ஸ்டீவன் லே குழுவினருக்கு 22 ஆண்டுகள் ஆயின, 2007-இல்தான் முடித்தார்கள். ஆனால் வெயில் பட்டால் சில நாளில் சிதைந்துவிடும். நிழலே இல்லாத நம் கடலோர மிளகாய்க் காட்டில் மாலையில்தான் தெளிக்க வேண்டும். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பும் கரைத்துக்கொள்ளுங்கள். இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும்.

ஆனி, ஆடியில் பொறுக்கிய கொட்டை மிளகாய்ப் பருவம்வரை கிடக்க வேண்டுமே, அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஈரத்தோடு சாக்கில் கட்டினால் பூஞ்சணம் பிடித்து வீரியம் போய்விடும். நிழலில் உலர்த்துங்கள். நன்றாக உலர்ந்த கொட்டையிலும் அசாடிராக்டின் அளவு மரத்துக்கு மரம் மாறும். தன் கையிலிருக்கும் கொட்டையில் எவ்வளவு இருக்கிறது என்று விவசாயி ஊரிலேயே அறிந்துகொள்ள மலிவான சோதனை வேண்டும். வேப்பெண்ணெய்ப் பூஞ்சைக்கொல்லிக்குத் தந்த காப்புரிமையை ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2000-இல் ரத்து செய்தபோது நாடே பெருமைப்பட்டது. அந்தப் பெருமைக்கு ஈடாக இந்தச் சோதனைக்கு ஆராய்ச்சிப் பணம் ஒதுக்குவது அரசின் கடமை என்பேன்.