வால்வு ப்ரீஆம்ப்: முன்பெருக்கியா, முன்விரியலாக்கியா?

லத்தீனில் 'ஆம்ப்ளுஸ்' என்றால் அகன்றது. 'ப்ரே' என்றால் முன். பவர் ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் நின்று, மெலிந்த ஒலிக்குறிகையை (சிக்னலை) அகலமாக்கித் தருவது ப்ரீஆம்ப்ளிஃபையர். தமிழ்நாட்டில் இதை முன்பெருக்கி என்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் ஆம்ப்ளிஃபையர் 'விரியலாக்கி'. லத்தீன் மூலச்சொல்லின் பொருளுக்கு நெருக்கம் அதுதான். 'பெருக்கி'யில் கணக்குப் பெருக்கலும் வாசல் பெருக்குவதும் கலந்துவிடுகின்றன. ஆனாலும் ஒலிபெருக்கி என்ற சொல் ஊன்றிவிட்ட இடத்தில் முன்பெருக்கியே எளிதாகப் புரியும்.

'வால்வு' பிரிட்டிஷ் வழக்கு, 'ட்யூப்' அமெரிக்க வழக்கு. நம்மூர் வால்வு ரேடியோவின் பெயர் முன்னதிலிருந்து வந்தது. 1904இல் ஃபிளெமிங் செய்த குழல் மின்னோட்டத்தை ஒரே திசையில் விட்டதால் அந்தப் பெயர். 'ஓரதர்' என்ற தமிழாக்கம் இதற்கு அழகாகப் பொருந்துகிறது: அதர் என்றால் வழி. 1906இல் லீ டி ஃபாரஸ்ட் நடுவே ஒரு கம்பிவலையைச் சேர்த்தபின்தான் அது பெருக்கியாயிற்று. அந்த வகைக்கு மும்முனையம் என்று பெயர். பொதுப்பெயராக 'வெற்றிடக் குழல்' போதும்.

வாங்கப்போகிறவரை ஏமாற்றுவது 'பெருக்கி' என்ற பகுதிதான். சிடி பிளேயரோ டேக்கோ (டிஜிட்டல் ஒலியை மின்குறிகையாக மாற்றும் கருவி) 2 வோல்ட் தருகிறது. பல பவர் ஆம்ப்களுக்கு முழுத்திறன் காட்ட 1 வோல்ட் அளவே போதும். 12ஏஎக்ஸ்7 குழல் (ஐரோப்பியப் பெயர் ஈசிசி83) ஒரு நிலையிலேயே சுமார் 60 மடங்கு பெருக்கும். அவ்வளவையும் வெளியே விட்டால் வால்யூம் குமிழைச் சற்றுத் திருப்பியதும் அலறும்; அந்தத் தொடக்கப் பகுதியில் இடதும் வலதும் சமமாக ஏறுவதில்லை, இரைச்சலும் தெரியும். டோன் கன்ட்ரோல் (பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் பகுதி) இல்லாத ப்ரீஆம்புக்குச் சுமார் 15 மடங்கு தரும் 12ஏயூ7 (ஈசிசி82) கூட அதிகம்தான்.

டோன் கன்ட்ரோல் சேர்ந்தால் கணக்கு மாறுகிறது. மின்தடையும் மின்தேக்கியும் மட்டும் கொண்ட சுற்று, குமிழ்கள் நடுவில் இருக்கும்போதே குறிகையைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துவிடும். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் 12ஏஎக்ஸ்7. மற்றொரு வழி, பீட்டர் பாக்ஸண்டால் 1952இல் வெளியிட்ட எதிர்ப்பின்னூட்டச் சுற்று (வெளியீட்டின் ஒரு பகுதியைத் தலைகீழாக உள்ளீட்டுக்கே திருப்புவது): நடுநிலையில் பெருக்கம் ஏறத்தாழ 1, சிதைவும் குறைவு. விற்பவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: டோன் பகுதியில் குழல் வேலை செய்கிறதா, ஐசி சில்லா? 12 வோல்ட் அடாப்டரில் ஓடி, குழலுக்கு அடியில் ஆரஞ்சு எல்இடி மினுக்கும் மலிவுப் பெட்டிகள் சிலவற்றில் டோனை ஐசி பார்த்துக்கொள்கிறது. குழல் பெரும்பாலும் அலங்காரம்.

'தொனி'யை 'டோன்' என்பதன் திரிபாக நினைப்பவர்கள் உண்டு. அது வடமொழி த்வனியிலிருந்து வந்தது. 'டோன்' என்பதன் கிரேக்க மூலத்துக்கோ நரம்பை இழுத்துக் கட்டுவது என்று பொருள். டோன் கன்ட்ரோலைத் தொனித்திருத்தி எனலாம். பேஸ், ட்ரெபிளுக்குத் தமிழிசையின் மெலிவு, வலிவு என்ற சொற்கள் உண்டு. ஆனால் 'மெலிவைக் கூட்டு' என்றால் பேஸ் ஏறும் என்று இன்று யார் நம்புவார்கள்? தாழொலி, மேலொலி என்பதே நல்லது. இரண்டும் ±10 டெசிபெல் இருந்தால் வீட்டுக்குத் தாராளம். தாழொலியை 10 டெசிபெல் ஏற்றினால் அந்த அலைவெண்களில் பவர் ஆம்ப் பத்து மடங்கு திறன் தரவேண்டும், 5 வாட் 50 வாட்டாகும். தொனித்திருத்திச் சுற்றை முழுக்கத் தாண்டிச்செல்ல ஒரு பைபாஸ் சுவிட்ச் அவசியம்.

பேஸ் குறைகிறது என்ற புகாருக்குப் பல நேரம் காரணம் தொனித்திருத்தி அல்ல, வெளியீட்டு மின்தேக்கி. 0.47 மைக்ரோஃபாரட், உள்ளீட்டு மின்தடை 100 கிலோஓம் உள்ள வால்வு ஆம்புக்குச் சரி. 10 கிலோஓம் உள்ள டிரான்சிஸ்டர் ஆம்பில் 34 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபெல் சரிந்துவிடும். அதற்கு 2.2 மைக்ரோஃபாரட் வேண்டும், வெளியீட்டில் கேத்தோடு ஃபாலோயரும் (வெளியீட்டு மின்தடையைக் குறைக்கும் குழல் சுற்று) இருந்தால் நல்லது.

ஹம் எனும் உறுமல் 50 ஹெர்ட்ஸ் என்றால் குழலைச் சூடாக்கும் ஹீட்டர் வயரையோ எர்த் லூப்பையோ (எர்த் இணைப்புகள் வளையமாவது) பாருங்கள். 100 என்றால் ஹெச்டி (உயர் மின்னழுத்த) ஃபில்டர் கபாசிட்டரை, அதாவது மின்தேக்கியை. பென்சிலால் தட்டும்போது ஸ்பீக்கரில் மணிபோல் ஒலிக்கும் குழலை மாற்றிவிடுங்கள். மூடியைத் திறப்பதானால், பிளக்கைப் பிடுங்கியபின்னும் கபாசிட்டரில் 250 வோல்ட் தங்கியிருக்கலாம். மீட்டரில் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. ஆன் செய்யும்போது ப்ரீஆம்ப் முதலில், அரை நிமிடம் கழித்துப் பவர் ஆம்ப். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில்.