பெயர் இருக்க ‘பெண்ணவள்’ எதற்கு?

கதைகளைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுபவர்களும் பீட்டா ரீடிங்குக்காக, அதாவது வெளியிடும் முன் படித்துக் குறை சொல்வதற்காக, என்னிடம் அனுப்புவார்கள். தமக்குப் பிடித்த படம், தொடர், நாவலின் பாத்திரங்களை வைத்துப் புதுக் கதைகளை, காசு எதிர்பாராமல் இரவெல்லாம் விழித்து எழுதுகிறவர்கள். அந்த உழைப்பைச் சில சொற்கள் கெடுக்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

என்னை அதிகம் வருத்துபவை ‘பெண்ணவள்’, ‘ஆணவன்’, ‘பாவையவள்’ வகையறா. செய்யுளில் ஓசை நிரம்ப இப்படி ஓர் ‘அவள்’ தேவைப்படலாம், உரைநடைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அதிலும் ஃபேன் ஃபிக்‌ஷனில் இது இரட்டை இழப்பு. வாசகர் அந்தப் பாத்திரத்தை ஏற்கெனவே நேசித்துத்தான் கதைக்குள் வருகிறார். அந்தப் பெயரைப் பார்த்தாலே அவருக்கு முகமும் குரலும் நினைவில் எழும். ‘பாவையவள்’ என்றால் யாரோ ஒருத்தி.

பெயரைத் திரும்பத் திரும்ப எழுதினால் அலுக்கும் என்ற பயம்தான் இதற்குக் காரணம். ஆனால் தமிழில் எழுவாயே இல்லாமல் வாக்கியம் நிற்கும். ‘மீரா கதவைத் திறந்தாள். கதிரைப் பார்த்ததும் பேச்சு வரவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள்.’ மூன்று வாக்கியத்துக்கு ஒரே ஒரு ‘மீரா’ போதும். ‘ஆள்’ என்ற விகுதியே மிச்சத்தைச் சொல்லிவிடுகிறது. காட்சியில் இரண்டு பெண்கள் இருந்தால் குழப்பம் வரும், உண்மைதான். அங்கே பெயரைத் தாராளமாக எழுதுங்கள். ‘மங்கையவள்’ என்றால் குழப்பம் கூடத்தான் செய்யும்.

இன்னொன்று, பார்வைக் கோணம். கதிரின் மனதுக்குள் இருந்து சொல்லும் காட்சியில் ‘ஆடவன் தவித்தான்’ என்று எழுதினால் வாசகர் சட்டென்று வெளியே வந்துவிடுவார். யாரும் தன்னை ஆடவன் என்று நினைத்துக்கொண்டு தவிப்பதில்லை.

அப்புறம் ‘என்றான்’ மீதுள்ள வெறுப்பு. கர்ஜித்தான், உறுமினான், சீறினாள், மொழிந்தாள் என்று ஒரே உரையாடலில் நான்கும் வரும். ஆங்கிலத்தில் இந்தப் பழக்கத்துக்கு ‘செட் புக்கிஸம்’ (said-bookism) என்று பெயரே இருக்கிறது. ‘என்றான்’ கண்ணில் படாமல் நகர்ந்துவிடும் சொல். கோபம் பேச்சிலேயே இருந்தால் உறுமத் தேவையில்லை. பேச்சில் இல்லாத கோபத்தை உறுமலும் கொண்டுவராது.

கண் எல்லாம் விழியாகவும் உதடு எல்லாம் இதழாகவும் மாறுவதும் இதே கதைதான். தூசி விழுந்து கசக்கும்போது அது கண்தான், விழி இல்லை. ‘இதழோரக் குறுநகை’ அத்தியாயத்துக்கு ஒன்று இருக்கலாம், பத்து வந்தால் நாயகனுக்கு வாய் கோணிவிட்டதோ என்று கவலை வருகிறது. ‘இனம் புரியாத உணர்வு’ வரும் இடத்தில், அது பயமா ஏக்கமா என்று எழுதுபவர் ஒரு நிமிடம் யோசித்தாலே நல்ல வரி கிடைக்கும்.

எழுதும்போதே இதற்காகத் தயங்க வேண்டாம். முடித்தபின் கோப்பில் ‘அவள்’, ‘இதழ்’, ‘குறுநகை’ என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். சத்தமாக வாசித்தும் பாருங்கள். நாக்குக்கு முதலில் தெரியும்.

ஒரு எழுத்தாளர் அப்படித் தேடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒரே ஒரு ‘பாவை’யை மட்டும் வைத்திருந்தார். நாயகன் நாயகியைச் சீண்டுவதற்காகத் தன் வாயாலேயே சொல்லும் இடம் அது. அதை நான் தொடவில்லை.