முடுக்கம், திசைவேகம்: சொல் விளக்கம்

ரேக்ளா வண்டிக்காரர் காளைகளை முடுக்குகிறார். தோட்டத்தில் கரண்ட் வந்ததும் மோட்டாரை முடுக்கி விடுகிறோம். சந்துக்குள் நுழைந்தால் நாய் முடுக்கிக்கொண்டு வருகிறது. திட்டப்பணிகள் முடுக்கி விடப்பட்டதாகச் செய்தித்தாள் எழுதுகிறது. பள்ளி இயற்பியலில் வரும் ‘முடுக்கம்’, அதாவது திசைவேகம் (திசையோடு சேர்த்துச் சொல்லும் வேகம்) மாறும் வீதம், இந்த முடுக்குதான். கோயம்புத்தூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் பேசுகிற வினைச்சொல்லையே வகுப்பில் ஏதோ புதுச்சொல் போல மனப்பாடம் செய்கிறார்கள்.

வேர் ‘முடுகு’. விரைதல் என்பது பொருள். தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் இருபது வண்ணங்களில் கடைசி முடுகு வண்ணம். நிற்காமல் உருண்டோடும் ஓசைக்கு அந்தப் பெயர். ‘முடுகு’ தன்வினை, தானே விரைவது. ‘முடுக்கு’ பிறவினை, ஒன்றை விரையச் செய்வது. உருகு–உருக்கு, பெருகு–பெருக்கு, இறுகு–இறுக்கு என்று நிற்கும் வரிசையில் இதுவும் ஒன்று. ‘முடுக்கம்’ என்ற பெயர்ச்சொல் இலக்கணப்படி இரண்டு பக்கமும் சாயும் என்றாலும், நம் காதில் விழுவது ‘முடுக்கு’தான். அது இயற்பியலுக்கு நல்லதாகப் போயிற்று. முடுக்க ஒருவர் வேண்டும் அல்லவா? புறவிசை இல்லாவிட்டால் பொருளின் திசைவேகம் மாறாது என்று நியூட்டன் சொன்னதும் அதைத்தான். லத்தீனில் ‘கெலெர்’ என்றால் விரைவானது. அதிலிருந்து பிறந்த ‘ஆக்சிலரேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லில் முடுக்குகிற ஆள் இவ்வளவு பளிச்சென்று தெரிவதில்லை.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் அதே வேரிலிருந்து வேறு சொல்லை எடுத்தன. அங்கே இது ஆர்முடுகல். வேகம் குறைவது அமர்முடுகல். ஆர்தல் நிறைதல், அமர்தல் அடங்குதல். அழகான இணை. தமிழ்நாட்டில் அதற்குச் சொல்கிற ‘எதிர் முடுக்கம்’ அதன் பக்கத்தில் கொஞ்சம் மொட்டையாகத்தான் நிற்கிறது. ஆனால் இலங்கை நூலையும் தமிழ்நாட்டு நூலையும் சேர்த்துப் படிப்பவர் ஒரு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். அங்கே ‘கதி’ என்பது நம் வேகம். அங்கே ‘வேகம்’ என்பது நம் திசைவேகம். ஒரே சொல் கடலுக்கு இருபுறமும் இரண்டு அளவுகளைக் குறிக்கிறது. இணையத்தில் கிடைக்கும் தமிழ்க் குறிப்புகளில் இந்தக் குழப்பம் அடிக்கடி தட்டுப்படும்.

கொங்குப் பேச்சிலேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. ‘வெசையாப் போ’ என்றால் வேகமாகப் போ என்று அர்த்தம். வெசை என்பது விசை. இயற்பியலிலோ விசை என்பது தள்ளுவது அல்லது இழுப்பது, நியூட்டன் அலகில் அளப்பது. வேகமாக ஓடும் பொருளுக்குள் ‘விசை இருக்கிறது’ என்று பிள்ளைகள் எழுதுவதற்குப் பேச்சுவழக்கும் ஒரு காரணம். சம தளத்தில் மாறாத திசைவேகத்தில் போகும் வண்டியின் மீது நிகர விசை சுழி (பூஜ்யம்). எஞ்சின் முன்னே தள்ளுவதும் காற்றும் உராய்வும் பின்னே இழுப்பதும் சரிக்குச் சரியாகிவிட்டன. மணிக்கு 80 கி.மீ. போனாலும் முடுக்கம் இல்லை. சிக்னலில் நின்று பச்சை விழுந்ததும் கிளம்பும் வண்டிக்கு அந்தக் கணத்தில் வேகம் இல்லை, முடுக்கம் உண்டு.

இனி வேகமும் திசைவேகமும். ‘வேகம்’ வடமொழியிலிருந்து வந்து தமிழில் ஊறிவிட்ட சொல். எவ்வளவு தொலைவை எவ்வளவு நேரத்தில் என்பது மட்டுமே அதன் கணக்கு. ‘திசைவேகம்’ பாடநூலுக்காகக் கோத்த கூட்டுச்சொல். இடப்பெயர்ச்சியை, அதாவது புறப்பட்ட இடத்திலிருந்து சேர்ந்த இடம்வரை உள்ள நேர்கோட்டுத் தொலைவை, நேரத்தால் வகுத்து, எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்வது. ‘வெலாசிட்டி’யின் லத்தீன் மூலத்திலும் திசை கிடையாது, ‘வேலோக்ஸ்’ என்றால் விரைவானது, அவ்வளவுதான். திசையைப் பிற்காலத்து இயற்பியலாளர்கள்தான் அதன் மேல் ஏற்றினார்கள். ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளை அதைத் தனியாக நினைவில் வைக்க வேண்டும். தமிழில் பெயரே சொல்லிவிடுகிறது.

இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பார்க்க மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயில் போதும். பாதை நீளம் ஏறத்தாழ 46 கி.மீ., ஏறுவதற்கு ஏறத்தாழ 5 மணி நேரம். சராசரி வேகம் மணிக்கு 9 கி.மீ. சொச்சம். பாதை வளைந்து வளைந்து போவதால் இரண்டு நிலையங்களுக்கும் நடுவே நேர்கோட்டுத் தொலைவு 30 கி.மீ.க்கும் குறைவு. அதனால் சராசரி திசைவேகத்தின் அளவு மணிக்கு 6 கி.மீ.யைத் தொடாது, திசை வடமேற்கு. ஒரே ரயில், ஒரே நேரம், விடை இரண்டு.

இதைவிட முற்றிய உதாரணம் பழைய கவலை, எருது பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் முறை. எருதுகள் சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டுச் சால் (தண்ணீர் மொள்ளும் கலம்) மேலே வரும். தண்ணீர் கொட்டியதும் எருதுகள் பின்னேறும். காலையிலிருந்து உச்சிவரை எத்தனை முறை நடந்தாலும், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எருது புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது. இடப்பெயர்ச்சி சுழி, சராசரி திசைவேகம் சுழி. மாட்டின் கால்வலி சராசரி வேகத்தின் கணக்கில்தான் வரும்.

சூத்திரத்தில் பெரும்பாலோர் சறுக்குவது ரேக்ளாவில் நன்றாகத் தெரியும். 200 மீட்டர் ஓட்டத்தை ஒரு சோடிக் காளை 16 நொடியில் முடித்ததாகக் கொள்வோம். சராசரி வேகம் 12.5 மீ/வி, அதாவது மணிக்கு 45 கி.மீ. இதுவரை சரி. அடுத்து, ‘ஓய்விலிருந்து புறப்பட்டது, முடுக்கம் என்ன?’ என்று கேட்டால் கை தானாக s = ½at² போடும் (s தொலைவு, a முடுக்கம், t நேரம்). 2 × 200 ÷ 256, விடை சுமார் 1.56 மீ/வி². இந்த விடையை நம்பினால் எல்லைக்கோட்டில் காளையின் வேகம் 1.56 × 16, அதாவது 25 மீ/வி. மணிக்கு 90 கி.மீ.! எந்தக் காங்கேயம் காளையும் இந்த ஓட்டம் ஓடாது. சூத்திரத்தில் தப்பில்லை. முடுக்கம் ஓட்டம் முழுக்க மாறாமல் இருந்தால்தான் அது செல்லும். காளை முதல் சில நொடிகளில் வேகமெடுத்து, பிறகு கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஓடுகிறது. முதல் 4 நொடி சீராக வேகமெடுத்து மீதி 12 நொடி அதே வேகத்தில் ஓடியதாக வைத்தால், 200 = v × (2 + 12). v என்பது எட்டிய வேகம்; வேகமெடுக்கும் 4 நொடியில் சராசரி வேகம் அதில் பாதி, அதனால் 4க்குப் பதில் 2. v = 14.3 மீ/வி, மணிக்கு 51 கி.மீ. முதல் 4 நொடியில் முடுக்கம் 3.6 மீ/வி², அதன்பின் சுழி. இதை நம்பலாம். விடை வந்ததும் அதை மணிக்கு எத்தனை கி.மீ. என்று மாற்றிப் பார்க்கும் பழக்கம் (3.6ஆல் பெருக்கினால் போதும்) பாதிப் பிழைகளை அங்கேயே பிடித்துவிடும்.

‘மீ/வி²’ என்ற அலகும் பலரை மிரட்டுகிறது. ‘வினாடியின் வர்க்கம்’ என்று ஒரு பொருள் உலகத்தில் இல்லை. ‘ஒவ்வொரு வினாடிக்கும், வினாடிக்கு இத்தனை மீட்டர்’ என்று வாசித்தால் தெளியும். முடுக்கம் 1 மீ/வி² உள்ள பஸ், நின்ற இடத்திலிருந்து முதல் வினாடி முடிவில் 1 மீ/வி, இரண்டாவது முடிவில் 2 மீ/வி, பத்தாவது முடிவில் 10 மீ/வி, அதாவது மணிக்கு 36 கி.மீ.

முடுக்கம் என்றாலே வேகம் கூடுவது என்று நினைப்பது, ‘முடுக்கு’ என்ற சொல்லே கொண்டுவரும் தவறு. நல்ல சொல்தான், இந்த ஒரு இடத்தில் காலை வாரும். திசைவேகம் மாறினால் முடுக்கம். திசைவேகத்தில் திசையும் அடக்கம். ஆகவே வேகம் கூடாமல் குறையாமல் திரும்பினாலும் முடுக்கம் உண்டு. பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் சாலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்பீடோமீட்டர் முள் 20இலேயே நிற்கிறது, ஆனாலும் வளைவில் உடம்பு வெளிப்பக்கம் சாய்கிறது. வளைவின் ஆரம் 15 மீட்டர் என்று வைத்தால், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுக்க, முடுக்கம் ஏறத்தாழ 2 மீ/வி², வளைவின் மையத்தை நோக்கி. அதே வளைவில் 40இல் திரும்பினால் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு: 8.2 மீ/வி². அதைக் கொடுக்க வேண்டியது டயருக்கும் தாருக்கும் இடையிலான உராய்வு. மழையில் நனைந்த சாலை அவ்வளவு கொடுக்காது, வண்டி வழுக்கும். மேலே பாரம் ஏற்றிய லாரியோ வழுக்கும் முன்பே சாய்ந்துவிடும். ‘மூலை முடுக்கு’ என்னும்போது முடுக்கு என்பது ஒடுங்கிய சந்து, திரும்பும் இடம். வேர் ஒன்று என்று சொல்ல வரவில்லை. திரும்பினாலும் முடுக்கம்தான் என்பதை நினைவில் வைக்க உதவும்.

கொங்கு நாட்டில் இதற்கு உச்சமான உதாரணம் சாலையில் இல்லை, நூற்பாலையில் இருக்கிறது. ரிங் ஃப்ரேம் என்ற நூல் நூற்கும் இயந்திரத்தில் வளையத்தைச் சுற்றி ஓடும் சின்னக் கம்பிக் கொக்கியை டிராவலர் என்பார்கள். வளைய விட்டம் 38 மி.மீ., ஸ்பிண்டில் (நூல் சுற்றும் கதிர்) நிமிடத்துக்கு 18,000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராவலர் ஸ்பிண்டிலுக்குச் சற்றுப் பின்தங்கியே ஓடும், அதனால்தான் நூல் சுற்றிக்கொள்கிறது. அந்த வித்தியாசத்தை விட்டுவிடலாம். வேகம் ஏறத்தாழ 36 மீ/வி, மணிக்கு 129 கி.மீ. வேகம் மாறவே இல்லை. முடுக்கமோ ஏறத்தாழ 67,500 மீ/வி², புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 6,900 மடங்கு! 40 மில்லிகிராம் எடையுள்ள டிராவலரை வட்டத்திலேயே வைத்திருக்க 2.7 நியூட்டன் விசை வேண்டும். கால் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான பாரத்துக்குச் சமம். அதில் பெரும்பகுதியை வளையம் கொடுக்கிறது. வேகத்தை இன்னும் ஏற்றினால் உராய்வுச் சூட்டில் டிராவலர் கருகும், இழை அறும். ஸ்பிண்டில் வேகத்தை நினைத்தபடி கூட்ட முடியாமல் இருப்பதற்கு மோட்டார் காரணமில்லை, இந்த மையநோக்கு முடுக்கம்தான் காரணம்.

குறியைப் பற்றியும் ஒரு சொல். ‘எதிர் முடுக்கம்’ என்றால் எப்போதும் வேகம் குறைகிறது என்று கொள்ளக் கூடாது. மேல்நோக்கி நேர்க்குறி என்று வைத்துக் கிணற்றுக்குள் கல்லைப் போட்டால், முடுக்கம் −9.8 மீ/வி², வேகமோ கூடிக்கொண்டே போகிறது. திசைவேகத்தின் குறியும் முடுக்கத்தின் குறியும் ஒன்றானால் வேகம் கூடும், மாறினால் குறையும். கல் 2 வினாடியில் தண்ணீரைத் தொட்டால் ஆழம் ½ × 9.8 × 4 = 19.6 மீட்டர், சுமார் 64 அடி. ‘தொம்’ என்ற சத்தம் மேலே வர எடுக்கும் நேரம் 0.06 வினாடிதான், விட்டுவிடலாம். கல்லை மேலே எறிந்தால் உச்சியில் ஒரு கணம் திசைவேகம் சுழி. அங்கே முடுக்கமும் சுழி என்று எழுதுகிறவர்கள் அதிகம். அப்படி இருந்தால் கல் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

கடைசியாக, சரியான தமிழ்ச் சொல் எது? திசை, வேகம் இரண்டும் வடமொழி என்பதால் வேகத்துக்கு ‘விரைவு’ வேண்டும் என்பவர்கள் உண்டு. விரைவு நல்ல தமிழ். ஆனால் ‘குறைந்த விரைவு’ என்பது பேச்சில் ஒட்டவில்லை. விரைவு என்றாலே கூடுதல் என்ற வாடை வருகிறது. அளவைக் குறிக்க வேகமே சரிப்படும், திசைவேகம் அப்படியே இருக்கட்டும். முடுக்கத்தை மாற்றவே வேண்டாம். அதிலிருந்து கிளைத்த ‘முடுக்கி’, அணுத்துகள்களை முடுக்கும் கருவிக்குத் துகள் முடுக்கி என்று நிலைத்துவிட்டது. வண்டியின் ஆக்சிலேட்டருக்கு மட்டும் முடுக்கி என்று எழுதுவது இயற்பியல்படி அரைகுறை. பிரேக்கும் முடுக்கிதான், ஸ்டீயரிங்கும் முடுக்கிதான்.