பழைய தோல் ஹெல்மெட்டும் இடவலம் மாறிய எண்ணும்

அமெரிக்காவின் சின்ன ஊர்களில் இருக்கும் வரலாற்றுச் சேகரிப்புகளில் இரண்டு பொருட்களை அடிக்கடி பார்க்கலாம். ஒன்று, கறுத்து இறுகிப்போன தோல் ஹெல்மெட். இன்னொன்று, அதே மாதிரி ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டோ மடியில் வைத்துக்கொண்டோ விறைப்பாக உட்கார்ந்திருக்கும் தீயணைப்பு வீரரின் உள்ளங்கை அளவுப் புகைப்படம். ஹெல்மெட் ஓர் அலமாரியில் இருக்கும், படம் வேறொரு பெட்டியில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஆனால் அந்தக் காலத்துப் படம் இரண்டு இடங்களில் நம்மை ஏமாற்றும், அதைத் தெரிந்துகொண்டுதான் பார்க்க வேண்டும்.

முதலில் ஹெல்மெட். நெருப்புக்குள் போகிறவர் தலையில் ஏன் தோல்? நியூயார்க்கில் பயணப் பெட்டிகள் செய்துகொண்டிருந்த ஹென்றி கிராட்டகாப், தன்னார்வத் தீயணைப்பு வீரரும்கூட. கடல் பயணத்தில் நனைந்தாலும் கெடாத தோலைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அவர் வடிவமைத்த ஹெல்மெட்தான், சில மாற்றங்களோடு, இன்றைக்கும் அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களின் அடையாளமாக இருக்கிறது. பச்சைத் தோலில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் ஈரத்தோடு சூடானால் சுமார் 65 டிகிரி செல்சியஸிலேயே சுருங்கிவிடும். மரப்பட்டைச் சாறில் ஊறவைத்துப் பதனிட்டால், அதிலுள்ள டானின்கள் புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். அப்புறம் அது 75, 80 டிகிரி வரை தாங்கும், தண்ணீரில் அழுகவும் செய்யாது. வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும் என்பது இன்னொரு நன்மை. லண்டனில் 1860களில் வந்த பித்தளை ஹெல்மெட்டுகள் பார்க்கக் கம்பீரமானவை, ஆனால் உலோகம் சீக்கிரம் சூடாகும், மின்சாரத்தையும் கடத்தும். வீடுகளுக்குள் மின்கம்பிகள் பெருகியபோது அதுவே உயிருக்கு ஆபத்தாகி, 1930களில் பித்தளையைக் கைவிட்டார்கள்.

கிராட்டகாப் ஹெல்மெட்டின் மேல்பகுதி எட்டுத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது. தையல் ஓரங்களில் மேடான முகடுகள் ஓடும். அவை அழகுக்காக மட்டும் இல்லை. தோல் மெல்லியதாக இருந்தாலும், மேலிருந்து செங்கல்லோ மரத்துண்டோ விழுந்தால் குழிந்துபோகாமல் முகடுகள் விறைப்பைக் கொடுக்கும், உச்சி உயரமாக இருப்பதால் தலைக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளியும் கிடைக்கும். பின்பக்கம் நீண்டிருக்கும் விளிம்பு கூரையின் இறவாரம் மாதிரி. குழாயிலிருந்து அடிக்கும் தண்ணீரும் தணலும் சட்டைக் கழுத்துக்குள் இறங்காமல் முதுகுக்கு வெளியே வழிந்துவிடும். முன்னால் நிற்கும் தோல் பட்டயத்தில் படையின் பெயரும் எண்ணும் இருக்கும்.

பட்டயத்திலிருக்கும் அந்த எண்ணில்தான் படத்தின் முதல் ஏமாற்று. படத்தில் எழுத்துகள் பெரும்பாலும் இடவலம் மாறித்தான் தெரியும். 1839இல் அறிவிக்கப்பட்ட, வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுக்கும் டேகரோடைப் படம் ஆகட்டும், 1856இல் காப்புரிமை பெற்ற, இரும்புத் தகட்டில் எடுக்கும் டின்டைப் படம் ஆகட்டும், கேமராவுக்குள் வைத்த அதே தகட்டைத்தான் வாடிக்கையாளர் கையில் கொடுத்தார்கள். நெகட்டிவ் எடுத்து அதிலிருந்து தாளில் அச்சிடும்போது பிம்பம் இன்னொரு முறை திரும்பி நேராகிவிடும். இங்கே அந்த இரண்டாவது படி இல்லை. டின்டைப் கறுப்பு வண்ணம் பூசிய இரும்புத் தகடு, பின்பக்கமிருந்து பார்க்கவும் வழியில்லை. அதனால் 12 என்ற எண்ணின் இலக்கங்கள் இடம் மாறி, அவசரத்தில் பார்த்தால் 21 என்று படிக்கத் தோன்றும். 11 மட்டும் தப்பிக்கும். எழுத்தே தெரியாத படமா? ஆண்களின் கோட்டில் இடது பக்கத் துணிதான் வழக்கமாக மேலே வரும், படத்தில் வலது பக்கம் மேலே இருந்தால் பிம்பம் திரும்பியிருக்கிறது என்று ஊகிக்கலாம். கண்ணாடியில் எடுத்த அம்ப்ரோடைப்பில் மட்டும் கவனம் தேவை. அதைச் சட்டத்தில் எந்தப் பக்கமாக மாட்டினார்கள் என்பதைப் பொறுத்து நேராகவும் இருக்கலாம்.

இரண்டாவது ஏமாற்று நிறத்தில். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்தக் காலத்துத் தகடுகளில் ஒளியைப் பதிவுசெய்த வெள்ளி உப்புகள் புற ஊதா, ஊதா, நீலம் ஆகிய ஒளிக்குத்தான் நன்றாக வினைபுரியும், சிவப்பு ஒளி பட்டால் கிட்டத்தட்ட ஒன்றுமே நடக்காது. சாயங்களைச் சேர்த்து அந்தக் குறையைச் சரிசெய்யலாம் என்று ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல் 1873இல்தான் கண்டுபிடித்தார். ஆக, அமெரிக்கத் தன்னார்வ வீரர்கள் பெருமையோடு போட்டுக்கொண்ட சிவப்புச் சட்டை படத்தில் கறுப்பாக விழும். சிவப்பு வண்ணம் பூசிய பட்டயமும் அப்படியே இருட்டாகிவிடும், வெளிர்நீலக் கண்கள் வெள்ளையாகத் தெரியும். படத்தை மட்டும் நம்பி, ‘கறுப்புச் சட்டை, கறுப்புப் பட்டயம்’ என்று பட்டியலில் எழுதினால் தவறு. ஹெல்மெட்டின் மடிப்புகளில் ஒட்டியிருக்கும் சிவப்பு வண்ணத் துணுக்கு அந்த இடத்தில் சரியான பதிலைச் சொல்லும். பதிலுக்குப் படமும் ஹெல்மெட்டுக்கு உதவும். நியூயார்க் நகரத்தின் தன்னார்வப் படைகள் 1865இல் முடிவுக்கு வந்து சம்பளப் படை தொடங்கியது. அந்த நகரத்துத் தன்னார்வப் படையின் எண்ணோடு ஒரு டின்டைப் கிடைத்தால், பெரும்பாலும் 1856க்கும் 1865க்கும் இடையில் எடுத்தது என்று சொல்லலாம். ஓய்வுபெற்ற பிறகு பழைய ஹெல்மெட்டோடு போய் உட்கார்ந்தவர்களும் இருந்திருக்கலாம் என்பதால்தான் ‘பெரும்பாலும்’ என்கிறேன்.

சரி, இவ்வளவு நெருக்கமான இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துவிடலாமா? கூடாது. ஹெல்மெட்டின் உள்ளே கம்பளித் துணியோ கம்பளி ஃபெல்ட்டோ இருந்தால், அதிலிருந்து கசியும் கந்தக வாயுக்கள் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். டேகரோடைப்பில் படம் என்பதே தகட்டின் வெள்ளிப் பூச்சின் மேல் நிற்கும், கண்ணுக்குத் தெரியாத வெள்ளி, பாதரசத் துகள்கள்தான். கறுத்துவிட்டதே என்று துணியால் ஒரு முறை துடைத்தால் முகமே போய்விடும், தயவுசெய்து யாரும் தொடாதீர்கள். தோலுக்கும் தனி நோய் உண்டு. கரிப்புகையிலிருந்து வந்த கந்தக டை ஆக்ஸைடைப் பல வருடங்கள் உறிஞ்சிய தோல் உள்ளுக்குள் அமிலமாகி, செம்பொடியாக உதிரும். எண்ணெய் தடவினால் அது குணமாகாது, கறைதான் மிஞ்சும்.

அதனால் ஹெல்மெட்டின் உள்ளே அமிலமில்லாத தாளைச் சுருட்டி வைத்துத் தனிப் பெட்டியில் மூடுங்கள், படத்தைத் தனியாக வையுங்கள், பதிவேட்டில் மட்டும் இரண்டின் எண்களையும் ஒன்றோடொன்று இணைத்து எழுதுங்கள். ஹெல்மெட் பெட்டிக்குள் அந்தப் படத்தின் நகல் ஒன்றையும் போட்டுவையுங்கள், இடவலம் திருப்பி அச்சிட்ட நகலாக.