மேஜையின் வடிவத்துக்காகச் சண்டை போடுவது ஏன்? ராஜதந்திர நெறிமுறை வேலை செய்யும் விதம்

1968ஆம் ஆண்டின் இறுதியில், வியட்நாம் போரை நிறுத்துவதற்காகப் பாரிஸில் பேசுவது என்று முடிவானது. அமெரிக்கா, தென் வியட்நாம், வட வியட்நாம், தெற்கில் அரசை எதிர்த்துப் போரிட்டுவந்த தேசிய விடுதலை முன்னணி ஆகிய நான்கு பேரும் வருவதாக ஏற்பாடு. வந்தவர்கள் அடுத்த பல வாரங்களுக்கு மேஜையைப் பற்றித்தான் பேசினார்கள். நான்கு பக்க மேஜை போடுங்கள், பக்கத்துக்கு ஒரு தரப்பு உட்காரட்டும் என்றது வட வியட்நாம். தென் வியட்நாம் ஒப்பவில்லை. முன்னணிக்கென்று ஒரு பக்கத்தை ஒதுக்கினால் அதைத் தங்களுக்குச் சமமான தரப்பாக ஏற்றுக்கொண்டதாகிவிடும், மேஜைக்கு இரண்டே பக்கம்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது.

1969 ஜனவரி நடுவில் ஒரு வழி பிறந்தது. நடுவில் ஒரு வட்ட மேஜை. அதன் எதிரெதிர்ப் பக்கங்களில், வட்டத்திலிருந்து சுமார் 45 சென்டிமீட்டர் தள்ளி, இரண்டு சிறிய செவ்வக மேஜைகள். கொடியும் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. வட்டத்தைக் காட்டி, பாருங்கள், நாங்கள் நான்கு பேர் என்று வட வியட்நாமின் ஹனோய் அரசு சொல்லிக்கொள்ளலாம். செவ்வக மேஜைகள் வட்டத்தை இரண்டு பாதியாகப் பிரிப்பதைக் காட்டி, இரண்டே அணிதான் என்று தென் வியட்நாமின் சைகோன் அரசு சொல்லிக்கொள்ளலாம்.

இந்த வாரங்களில் போர்க்களத்தில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். மேஜைக்காகவா இத்தனை இழுபறி என்று உலகம் கொதித்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்கள் தச்சு வேலையைப் பற்றிச் சண்டை போடவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். தெற்கில் ஆட்சி உரிமை கோரும் தகுதி யாருக்கு உண்டு என்பதே அந்தப் போரின் மூலக் கேள்வி. அதைப் பேசித் தீர்க்க உட்கார வேண்டும். உட்கார்ந்த விதமே அதற்குப் பதிலாகவும் ஆகிவிடக் கூடாது. இந்தச் சிக்கலை அவிழ்ப்பதுதான் நெறிமுறையின் வேலை. புரோட்டோகால் என்று நாம் சாதாரணமாகச் சொல்வது இதைத்தான். சிவப்புக் கம்பளமும் அணிவகுப்பு மரியாதையும் அதன் வெளித்தோற்றம். உள்ளே ஓடுவது வேறு.

ஒரு நாட்டுக்குள் இரண்டு பேருக்குத் தகராறு வந்தால் மேலே நீதிமன்றம் இருக்கிறது, காவல்துறை இருக்கிறது. நாடுகளுக்கு மேலே அப்படி யாரும் இல்லை. சட்டப்படி எல்லா நாடும் சமம். படையிலும் பணத்திலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இந்த இரண்டு உண்மைகளையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் முதலில் எழும் கேள்வி, யார் பெரியவர் என்பது. அந்தக் கேள்வியை ஒவ்வொரு சந்திப்பிலும் புதிதாக எழுப்பினால் வேறு எதையும் பேச முடியாது.

பேச முடியாமல் போன காலம் ஒன்று உண்டு. 1661இல் சுவீடனின் புதிய தூதர் லண்டனுக்கு வந்தார். அவரை வரவேற்கும் ஊர்வலத்தில் அரசரின் வண்டிக்கு அடுத்ததாகப் போவது பிரான்ஸ் தூதரின் வண்டியா, ஸ்பெயின் தூதரின் வண்டியா? இரு தரப்பும் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு வந்து தெருவிலேயே மோதின. ஆட்கள் செத்தார்கள், குதிரைகளும் செத்தன. ஸ்பானியர்கள் முன்யோசனையோடு வந்திருந்தார்கள். வண்டியில் குதிரைகளைப் பூட்டும் வாருக்குப் பதிலாகத் தோல் சுற்றிய இரும்புச் சங்கிலிகளை மாட்டியிருந்ததால் எதிரிகளால் அதை அறுக்க முடியவில்லை. அவர்களுடைய வண்டியே முந்தியது. செய்தி கேட்ட பிரான்ஸ் அரசர் பதினான்காம் லூயி போர் தொடுப்பேன் என்று மிரட்டினார். மறு ஆண்டு ஸ்பெயின் அரசரின் தூதர் பிரெஞ்சு அரசவைக்கே வந்து, இனிமேல் முன்னிடத்துக்காகப் பிரான்ஸோடு போட்டியிட மாட்டோம் என்று சொன்ன பிறகுதான் விவகாரம் அடங்கியது.

நெப்போலியப் போர்களுக்குப் பின் கூடிய வியன்னா மாநாடு, 1815 மார்ச்சில் இதற்கு ஒரு தீர்வு கண்டது. மனித குலத்தின் நல்ல கண்டுபிடிப்புகளில் ஒன்றாக அதை நான் மதிக்கிறேன். யார் பெரியவர் என்ற கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை. கேள்வியையே மாற்றிவிட்டது. தூதர்களைத் தரவாரியாகப் பிரித்து, ஒரே தரத்தில் இருப்பவர்களுக்குள் யார் முதலில் வந்து சேர்ந்தாரோ அவரே முன்னவர் என்று வைத்தது. அரசரின் பெருமை விவாதத்துக்கு உரியது. வந்து சேர்ந்த தேதியை யாரும் மறுக்க முடியாது.

1961 ஏப்ரல் 18 அன்று உருவாகி, 1964 முதல் நடைமுறையில் உள்ள ராஜதந்திர உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு இன்றும் இதையே சொல்கிறது: பொறுப்பேற்ற தேதியும் நேரமும்தான் வரிசையைத் தீர்மானிக்கும். ஒரே ஒரு சலுகை, போப்பாண்டவரின் பிரதிநிதிக்கு முதலிடம் தரும் வழக்கமுள்ள நாடுகள் அதைத் தொடரலாம். விளைவைப் பாருங்கள். வாஷிங்டனில் உள்ள தூதர்களில் மூத்தவர் என்ற இடத்தில் பல ஆண்டுகள் இருந்தவர், 1988 முதல் அங்கே பணியாற்றிய, கிழக்கு ஆப்பிரிக்காவின் சிறு நாடான ஜிபூட்டியின் தூதர் ரோப்லே ஒல்ஹாயே. 2015இல் அவர் இறந்தபின் அந்த இடம் பலாவு தூதருக்குப் போனது. பலாவு பசிபிக் கடலில் உள்ள ஒரு தீவு நாடு; மக்கள்தொகை 20,000ஐக்கூட எட்டாது. உலகின் மிக வலிமையான படையை வைத்திருக்கும் நாட்டின் தலைநகரில், தூதர்கள் எல்லாரின் சார்பாகப் பேசும் மரியாதை அந்த நாட்டுக்குக் கிடைத்தது.

தேதியைப் போலவே அகரவரிசை, குலுக்கல், மாற்றி மாற்றி வருவது என இன்னும் சில நடுநிலைக் கருவிகள் உண்டு. ஐ.நா. பொதுச் சபையில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டின் பெயரைக் குலுக்கி எடுக்கிறார்கள். அந்த நாடு முதல் இருக்கையில் உட்காரும். மற்ற நாடுகள் ஆங்கில அகரவரிசைப்படி அதற்குப் பின்னால் தொடரும். மொத்தம் 193 நாடுகள். எனக்கு ஏன் பின்வரிசை என்று கேட்க யாருக்கும் வாய்ப்பில்லை.

மாற்றி மாற்றி வருவதைப் பார்க்க வேண்டுமானால், இரு நாட்டு அமைச்சர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் காட்சியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மேஜையில் இரண்டு தோல் உறைகள் இருக்கும். உள்ளே ஒரே ஒப்பந்தம்தான், ஆனால் இரண்டும் அச்சு அசலாக ஒன்று அல்ல. ஒவ்வொரு நாடும் வைத்துக்கொள்ளும் பிரதியில் அந்த நாட்டின் பெயர் முதலில் வரும், அதன் கையெழுத்துக்கு இடப்பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கும். அமைச்சர் முதலில் தம் நாட்டுப் பிரதியில் கையெழுத்திடுவார். பின்னால் நிற்கும் அதிகாரிகள் மை ஒற்றி, உறைகளை எடுத்து, இடம் மாற்றி வைப்பார்கள். பிறகு மற்றதில் கையெழுத்து. இரு நாடுகளும் முதலிடம் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகின்றன. யாரும் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

இதுவரை சொன்னது நெறிமுறையின் ஒரு பாதி, சண்டையைத் தவிர்ப்பது. இன்னொரு பாதி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. நெறிமுறை செய்திகளையும் சுமக்கிறது.

வெள்ளைத் துணியில்தான் கறை தெரியும். எல்லாரையும் ஒரே மாதிரி வரவேற்கும் வழக்கம் நிலைத்துவிட்டால், அதிலிருந்து ஓர் அங்குலம் விலகினாலும் அது பேச்சாகிவிடும். விமான நிலையத்துக்கு அதிபரே வந்தாரா, இணை அமைச்சரை அனுப்பினார்களா? முழு அரசுமுறைப் பயணமா, வெறும் அலுவல் பயணமா? கூட்டறிக்கை வந்ததா, இரண்டு தனித்தனி அறிக்கைகளா? வாய்திறந்து சொன்னால் பின்வாங்க முடியாத விஷயங்களை இப்படிச் சொல்லலாம். தேவைப்பட்டால் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே என்று மறுக்கவும் செய்யலாம்.

1972 பிப்ரவரி 21 அன்று பெய்ஜிங்கில் அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன் விமானத்திலிருந்து இறங்கியபோது, உடன் வந்த அதிகாரிகள் விமானத்துக்குள்ளேயே சற்று நேரம் நிறுத்தப்பட்டார்கள். படியில் இறங்கி வந்த நிக்சன், கீழே நின்ற சீனப் பிரதமர் சூ என்லாயை நோக்கித் தாமே முதலில் கையை நீட்டினார். 1954இல் ஜெனீவாவில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், சூ என்லாய்க்குக் கை கொடுக்க மறுத்தார் என்ற பேச்சு சீனாவில் ஆறாத மனக்குறையாக இருந்தது. அந்தக் கணக்கைத் தீர்ப்பதற்காக, படத்தில் வேறு யாரும் குறுக்கே வராதபடி செய்யப்பட்ட ஏற்பாடு அது. பேச்சுவார்த்தை தொடங்கும் முன்பே முதல் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

அவமதிக்கவும் இதே மொழி பயன்படும். 2010 ஜனவரியில் இஸ்ரேலின் துணை வெளியுறவு அமைச்சர் டானி அயலோன், துருக்கித் தூதரை அழைத்துத் தாழ்வான சோபாவில் உட்காரவைத்தார். தாம் உயரமான நாற்காலியில். மேஜையில் இஸ்ரேல் கொடி மட்டும். போதாததற்கு, நாங்கள் மேலே, அவர் கீழே, கவனியுங்கள் என்று படப்பிடிப்பாளர்களிடம் எபிரேய மொழியில் சொன்னார். தூதரைத் திரும்ப அழைப்போம் என்று துருக்கி கொதித்தெழ, சில நாட்களில் இஸ்ரேல் எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. ஒரு நாற்காலியின் கால் உயரம் இரண்டு அரசுகளின் உறவை ஆட்டிவைத்தது.

ஆகவே நெறிமுறை அதிகாரிகளின் பெரும்பாடு, சொல்ல நினைக்காத செய்தி தவறிப் போய்விடாமல் காப்பதுதான். பிலிப்பைன்ஸ் கொடியில் நீலம் மேலே இருந்தால் அமைதி, சிவப்பு மேலே இருந்தால் போர். 2010 செப்டம்பரில் நியூயார்க்கில் ஒபாமா நடத்திய, தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் சந்திப்பில் அந்தக் கொடி தலைகீழாக நின்றது. கைத்தவறுதான், அமெரிக்கா வருத்தம் தெரிவித்தது. இரு நாடுகளும் நண்பர்களாக இருந்ததால் விஷயம் அத்தோடு முடிந்தது. உறவு ஏற்கெனவே கசந்திருந்தால் இப்படி ஒரு தவறு யாருக்கு ஆயுதமாகும் என்று சொல்ல முடியாது. 1827இல் இன்றைய அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸ் ஆட்சியாளர் கடன் தகராறில் கோபம் கொண்டு பிரெஞ்சுத் துணைத்தூதரை ஈ ஓட்டும் விசிறியால் அடித்தார். பிரான்ஸ் அதைச் சாக்காக வைத்துத் துறைமுகத்தை முற்றுகையிட்டது, 1830இல் படையெடுத்தது, 1962 வரை அங்கிருந்து போகவில்லை. விசிறி இல்லாவிட்டாலும் வேறு சாக்கு கிடைத்திருக்கலாம். ஆனால் கையில் சாக்கைக் கொடுக்காமலிருப்பது சிறிய காரியமல்ல.

வெளியில் தெரியாமல் நடக்கும் நுணுக்கங்களும் உண்டு. ஒருவரைத் தூதராக அறிவிக்கும் முன், இவரை ஏற்பீர்களா என்று அந்த நாட்டிடம் ரகசியமாகக் கேட்பார்கள். மறுத்தால் காரணம் சொல்லத் தேவையில்லை. பெயரும் வெளியே வராது. ஒப்புதல் வந்தபின், அனுப்பும் நாட்டின் தலைவர் எழுதிய நியமனக் கடிதத்தோடு அவர் வருவார். எங்கள் சார்பில் இவர் சொல்வதை நம்புங்கள் என்பதே அதன் சாரம். திறந்த நகல் வெளியுறவு அமைச்சகத்துக்கு, முத்திரையிட்ட மூலம் நாட்டின் தலைவருக்கு. முந்தைய தூதரைத் திரும்பப் பெறும் கடிதமும் கூடவே போகும், ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஒரு நாட்டின் குரலாக இருக்க முடியாதல்லவா?

தூதரகங்கள் அமைச்சகத்துக்கு அனுப்பும் குறிப்புகளைப் படித்தால் வியப்பாக இருக்கும். தூதரகம் என்று படர்க்கையில் தொடங்கி, அமைச்சகத்துக்குத் தன் வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்ளும். நடுவில், உங்கள் படை எங்கள் எல்லையைத் தாண்டியது என்ற கடுமையான குற்றச்சாட்டு இருக்கலாம். கடைசியில், மிக உயர்ந்த மதிப்பை மீண்டும் உறுதிப்படுத்த இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்கிறது என்று முடியும். கையெழுத்து இராது, சுருக்கொப்பமும் முத்திரையும்தான். போலி மரியாதை என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்னும் பின்னும் மாறாத வாசகங்கள் இருப்பதால் எழுதுபவரின் எரிச்சல் எங்கும் கசிய இடமில்லை. படிப்பவர் நடுவில் உள்ள நான்கு வரிகளை மட்டும் எடைபோடலாம்.

இந்த விதிகளுக்கு விலையும் உண்டு. 1984 ஏப்ரலில் லண்டனில் லிபியத் தூதரகத்துக்கு வெளியே நடந்த ஆர்ப்பாட்டத்தின்போது, கட்டடத்துக்குள்ளிருந்து பாய்ந்த குண்டு ஒரு பெண் காவலரைக் கொன்றது. தூதரக வளாகத்துக்குள் அனுமதியின்றி நுழையக் கூடாது. காவல்துறை 11 நாட்கள் வெளியே முற்றுகையிட்டு நின்றது. பிரிட்டன் உறவை முறித்துக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் பாதுகாப்பாக வெளியேற்றப்பட்டு நாடு திரும்பினார்கள். சுட்டவரைப் பிடித்து விசாரிக்க முடியவில்லை. அந்தக் காவலரின் குடும்பத்துக்கு இதில் எந்த நியாயமும் கிடைக்கவில்லை, இதை எந்த வாதத்தாலும் பூசி மெழுக முடியாது. அதே நாட்களில் லிபியத் தலைநகர் திரிப்போலியில் பிரிட்டனின் தூதரக ஊழியர்களும் அவர்கள் குடும்பங்களும் இருந்தார்கள் என்பதும் லண்டனின் கணக்கில் இருந்தது. தூதர்களை உள்ளூர்ச் சட்டம் தொட முடியாது என்ற விலக்குரிமையை உண்மையில் காப்பது இந்தப் பரஸ்பரம்தான். ஒருவர் மீறினால் மற்றவருடைய ஆட்கள் பிணையாகிவிடுவார்கள்.

கோபத்தைக் காட்டவும் படிக்கட்டு இருக்கிறது. முதலில் தூதரை அமைச்சகத்துக்கு அழைத்துக் கண்டிப்பார்கள். அடுத்து, தங்கள் தூதரை ஆலோசனைக்காக என்று சொல்லித் திரும்ப அழைப்பார்கள். பிறகு சிலரை விரும்பத்தகாத நபர் என அறிவித்து வெளியேற்றுவார்கள். இதற்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. பிறகு தூதரே இல்லாமல் பொறுப்பு அதிகாரி அளவுக்கு உறவைக் குறைப்பார்கள். கடைசிப் படி, உறவை முறிப்பது. ஒவ்வொரு படியிலும் நின்று எதிராளியின் முகத்தைப் பார்க்க அவகாசம் உண்டு, திரும்பி இறங்கவும் வழி உண்டு.

கடைசிப் படியைத் தாண்டினாலும் கதவு முழுதாக மூடுவதில்லை. 1961 உடன்படிக்கையின் 45ஆம் பிரிவு, உறவு முறிந்தாலும், போரே மூண்டாலும், தூதரகக் கட்டடத்தையும் ஆவணங்களையும் மதித்துக் காக்க வேண்டும் என்கிறது. மூன்றாவது நாடு ஒன்றிடம் தன் நலன்களை ஒப்படைக்கவும் இடம் தருகிறது. அமெரிக்காவும் ஈரானும் 1980இல் உறவை முறித்துக்கொண்டன. அதன்பின் தெஹ்ரானில் அமெரிக்காவின் நலன்களைச் சுவிட்சர்லாந்து கவனிக்கத் தொடங்கியது. வாஷிங்டனில் ஈரானின் நலன்களை முதலில் அல்ஜீரியாவும் பின்னர் பாகிஸ்தானும் ஏற்றுக்கொண்டன. நேரில் பேச மாட்டோம் என்று அறிவித்துவிட்ட இரு அரசுகள், கைதிகளைப் பற்றியும் காணாமல் போனவர்களைப் பற்றியும் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொள்ள அந்த வழி இருந்தது.