தாடையில் முளைத்த புராஸ்டேட்

என் மாமா ஏற்காட்டில் காபித் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவர். ஓய்வுக்குப் பின் மலையடிவாரத்தில், சேலம் கன்னங்குறிச்சியில் குடியேறினார். ஞாயிறுதோறும் சவரம், அதுவும் ஒரே கடையில். ஒரு ஞாயிறு கடைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டுப் படிகாரக் கட்டியைத் தேடினார். முகவாயில் சிறு கீறல், அதில் ரத்தம் துளிர்த்திருந்தது. “எரியவில்லையா ஐயா?” என்று படிகாரத்தைத் தேய்த்தபடியே கேட்டார். மாமாவுக்கு எரிச்சலும் தெரியவில்லை, கத்தி பட்டதும் தெரியவில்லை. இரண்டு வாரமாகவே கீழுதட்டின் இடப்பக்கமும் முகவாயும், பல் பிடுங்க ஊசி போட்டதுபோல் மரத்துக் கிடந்ததை அன்றைக்குத்தான் வீட்டில் சொன்னார்.

முகவாய் மரத்துப்போனால் பெரும்பாலும் பல்தான் காரணம். மாமாவின் பற்களில் குறையில்லை. எக்ஸ்ரேயில் கடைவாய்ப் பல்லுக்குக் கீழே தாடையெலும்பு மாறியிருந்தது. துளியளவு திசுவை எடுத்துச் சோதித்தபோது வந்த விடை: புராஸ்டேட் புற்று. சிறுநீர்ப்பைக்கு அடியில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி, நெல்லிக்காய் அளவில் உட்கார்ந்திருக்கும் சுரப்பி அது. “அங்கே இருப்பது இங்கே எப்படி வந்தது?” என்றார் மாமா. கணக்கு இடிக்கும்போது கேட்கிற அதே குரல்.

சரியான கேள்விதான். இடுப்புப் பகுதியின் ரத்தம் பெருஞ்சிரை வழியாக இதயத்துக்கு ஏறி, அங்கிருந்து நுரையீரலுக்குப் போகிறது. புராஸ்டேட்டிலிருந்து கழன்ற செல் ரத்தத்தில் மிதந்து போனால் முதலில் சிக்கவேண்டிய சல்லடை நுரையீரல். ஆனால் 2000-இல் வெளியான பெரிய பிரேதப் பரிசோதனை ஆய்வு ஒன்றில் கிடைத்த கணக்கு வேறு. புராஸ்டேட் புற்று இருந்த 1,589 ஆண்களில் 35 சதவீதம் பேருக்கு அது ரத்தவழியே பரவியிருந்தது. அப்படிப் பரவியவர்களில் எலும்பில் இருந்தது 90 சதவீதம் பேருக்கு, நுரையீரலில் 46, கல்லீரலில் 25. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல் இருக்கும் அட்ரினல் சுரப்பியில்கூட 13 சதவீதம் பேருக்கு இருந்தது. ‘அபூர்வ இடம்’ என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு, உயிரோடு இருக்கும்போது யாரும் அங்கே தேடிப் பார்க்காததுதான் என்பது என் எண்ணம்.

நுரையீரலைத் தாண்டி எலும்புக்கு எப்படிப் போகிறது? ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து போகிறவர்கள் அடிவாரம் வழியாக இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறார்கள். மழையில் அங்கே மண் சரிந்தால் வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவார்கள். நம் உடம்பிலும் ஒரு குப்பனூர் பாதை உண்டு. 1940-இல் ஆஸ்கர் பேட்சன் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர், இறந்தவர்களின் ஆணுறுப்புச் சிரையில் எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தைச் செலுத்திப் படமெடுத்தார். திரவம் இடுப்பெலும்பிலும் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரை வலையிலும் ஏறியது. அந்த வலை இடுப்பிலிருந்து மண்டையோடு வரை நீள்கிறது. கால் சிரைகளில் இருக்கும் வால்வு அதில் கிடையாது. எனவே ரத்தம் மேலும் போகலாம், கீழும் வரலாம். இருமும்போதும் முக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது, பெருஞ்சிரை நெருக்கப்படுகிறது, ரத்தம் இந்தப் பக்கவழியில் திரும்புகிறது. இதயத்தையும் நுரையீரலையும் பார்க்காமலே ஒரு செல் முதுகெலும்புக்கும் அதற்கு மேலேயும் போய்ச்சேர இந்த வழி போதும்.

வழி இருந்தால் மட்டும் ஆகாது. 1970-இல் ஐசையா ஃபிட்லர் கதிரியக்க அடையாளம் இட்ட புற்றுசெல்களை எலிகளின் ரத்தத்தில் செலுத்திப் பார்த்தார். ஒரு நாள் கழிந்தபோது ஆயிரத்தில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. கட்டியாக வளர்ந்தவை அதிலும் சொற்பம். ரத்த ஓட்டத்தின் முரட்டுத்தனம், உடலின் காவல் செல்கள், ஒட்டிப் பிடிக்க இடமில்லாமை என்று எல்லாம் சேர்ந்து கழித்துக் கட்டுகின்றன. அப்படியானால் தப்பியது எங்கே தப்பியது என்பதுதான் விஷயம்.

மாமா மலையிலிருந்து இறங்கியபோது பத்துக் காபி நாற்றுகளைக் கொண்டுவந்து வீட்டைச் சுற்றி நட்டார். சேலத்து வெயிலில் ஒவ்வொன்றாகக் கருகின. கிணற்றடியில், துவைக்கும் கல்லுக்குப் பின்னால், மாமர நிழலில் நட்டது மட்டும் நின்றது, இன்றும் பூக்கிறது. வருகிறவர்கள் ‘சேலத்தில் காபியா?’ என்று வியப்பார்கள். அந்த மூன்றடி மண்ணில் கொஞ்சம் ஏற்காடு இருக்கிறது, அவ்வளவுதான். 1889-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பாஜெட், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டி ஏறக்குறைய இதையே சொன்னார். கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் தாராளமாக ரத்தம் போகிறது. ஆனால் கல்லீரலில் புற்று நிறைய, மண்ணீரலில் மிகக் குறைவு. விதை எங்கும் விழுகிறது, ஏற்ற மண்ணில்தான் முளைக்கிறது என்பது அவர் கண்டது.

புராஸ்டேட் செல்லுக்கு ஏற்ற மண் சிவப்பு எலும்பு மஜ்ஜை. ரத்தம் உற்பத்தி செய்யும் மூலச்செல்களைத் தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்ள மஜ்ஜை ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அந்த அழைப்பைக் கேட்கும் ஏற்பி புராஸ்டேட் புற்றுசெல்லின் மேலும் உண்டு. மூலச்செல்லுக்கென்று இருந்த இடத்தில் இது வந்து ஒண்டிக்கொள்கிறது. பிறகு எலும்பு கட்டும் செல்களைத் தூண்டிவிடுகிறது. எலும்பு சுரக்கும் வளர்ச்சிப் பொருள்கள் பதிலுக்கு இதை வளர்க்கின்றன. அதனால்தான் பல புற்றுகள் எலும்பை அரிக்க, புராஸ்டேட் புற்று பெரும்பாலும் எலும்பைத் தாறுமாறாகக் கட்டி, எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது.

வயதானவர்களுக்குச் சிவப்பு மஜ்ஜை எஞ்சியிருப்பது முதுகெலும்பு, இடுப்பு, விலா, மண்டையோடு போன்ற இடங்களில். தாடையில் இருந்தால் அது பின்பகுதியில், கடைவாய்ப் பல் பக்கம். மாமாவின் எக்ஸ்ரேயில் மாறியிருந்ததும் அங்கேதான். கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அந்த எலும்புக்குள் ஓடி, முகவாயருகே ஒரு சிறு துளை வழியாக வெளியே வருகிறது. எலும்புக்குள் அது நசுங்கியதால்தான் கத்தி பட்டது தெரியவில்லை.

மற்ற விசித்திர இடங்களையும் இப்படிப் பார்த்தால் விசித்திரம் பாதி கரைந்துவிடுகிறது. இடது காறையெலும்புக்கு மேலே கழுத்தில் கட்டி வருவதுண்டு. வயிற்றின் நிணநீரெல்லாம் ஒரே குழாயாக ஏறிக் கொட்டும் இடம் அது. மண்டையோட்டிலிருந்து மூளையின் உறைக்குப் பரவி, சாதாரண உறைக்கட்டி போலவோ உள்ளே கட்டிய ரத்தம் போலவோ ஸ்கேனில் ஏமாற்றும். மூளைத் திசுவுக்குள் போவது அரிது. கண்குழியின் எலும்பில் வளர்ந்தால் கண் முன்னே பிதுங்கும். தொப்புள், தலைத்தோல் என்று தோலிலும் எப்போதாவது முளைக்கும். விரையில் இருப்பது தெரியவந்த விதம் வினோதமானது. ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்தப் புற்று சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டினார். அதற்கு 1966-இல் நோபல் பரிசும் பெற்றார். அதன்பின் அந்த ஹார்மோனை நிறுத்தச் சிகிச்சையாக அகற்றிய விரைகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, சிலவற்றில் புற்று ஏற்கெனவே குடியிருந்தது.

இத்தகைய செய்திகள் இப்போது கூடுதலாகக் கேட்பதற்கு இரண்டு காரணங்கள் சொல்லலாம். நோயாளிகள் முன்னைவிட நீண்ட காலம் வாழ்கிறார்கள். அரிய இடங்களில் முளைக்கப் புற்றுக்கும் காலம் கிடைக்கிறது. நெடுநாள் ஹார்மோன் சிகிச்சையில் சில செல்கள் குணமே மாறி, ரத்தத்தில் அளந்து இந்த நோயைக் கணிக்கிற பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் புரதத்தை அதிகம் சுரக்காமலே கல்லீரலுக்கும் பிற உறுப்புகளுக்கும் போகின்றன. ரத்தத்தில் பி.எஸ்.ஏ. குறைவு என்று நிம்மதியாக இருக்க அப்போது முடியாது. மற்றொன்று பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன். புராஸ்டேட் செல்லின் மேலுள்ள ஒரு புரதத்தில் கதிரியக்கப் பொருள் ஒட்ட, சிறு கட்டியும் ஒளிர்கிறது. மாமாவின் படத்தைப் பார்த்து நாங்கள் பதறினோம். காதுக்குக் கீழே இரு பக்கமும் விளக்குப் போட்டதுபோல் இருந்தது. அது உமிழ்நீர்ச் சுரப்பி, எல்லோருக்கும் அப்படித்தான் ஒளிரும் என்று மருத்துவர் சிரித்தார். தாடையில் தெரிந்த சின்னப் புள்ளியைத்தான் அவர் பேனா முனையால் தொட்டுக் காட்டினார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசியும் தினமும் மாத்திரையுமாக எட்டு மாதம் ஓடிவிட்டது. மாமா காலையில் காபி டம்ளரை உதட்டின் வலக்கோடியில் வைத்துப் பார்க்கிறார், பிறகு இடக்கோடியில். வலப்பக்கம் சுடுகிறதாம். இடப்பக்கம் வெதுவெதுப்பு வரை வந்திருக்கிறது என்று, தோட்டக் கணக்கு எழுதிய பழைய நோட்டின் மிச்சப் பக்கங்களில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார்.